ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு மேடம்

பெயிண்டரின் மகள் காலமான நாற்பத்தொன்றாம் நாள் காலையில் அவளுடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"அன்புள்ள மேடம், உங்கள் முகத்தின் நுண்துளைகள் எங்களை மறந்துவிட்டனவா? இரண்டாம் அமர்வுக்கு எப்போது வருகிறீர்கள்? உங்கள் 'முன்' படம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கத்தில் 'பின்' படத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. இடத்தைக் காலியாக வைத்திருப்பது எங்களுக்கு வருத்தமளிக்கிறது. இப்படிக்கு, உங்கள் சருமத்தின் மேல் உயிரையே வைத்திருக்கும் மையம்."

அந்தக் கைபேசிக்கு அவருடைய மனைவி தினமும் தவறாமல் சார்ஜ் போட்டு வந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள், கைபேசி அணைந்திருக்கும், செய்தியும் வந்திருக்காது, ஊரிலேயே மிகச் சுத்தமான அந்தக் கட்டடத்துக்குள் நமது பெயிண்டர் கால் வைத்திருக்கவும் மாட்டார்.

பெயிண்டர் நாற்பது வருஷம் சுவரோடு குடித்தனம் நடத்தியவர். சுவரில் உள்ள குழிகளையும் கீறல்களையும் வெள்ளைப் பசையால் அடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, கன்னம் மாதிரி வழவழப்பாக்கிய பிறகுதான் வண்ணம் அடிக்க வேண்டும். தொழிலில் இதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். அவர் பட்டி பார்த்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். விழுந்த ஈக்களைத் தாமே பார்த்ததாக அவர் சொல்வார்.

மகளுக்கு வீட்டில் பட்டு என்று பெயர். இருபத்தாறு வயது. ஒரு கம்பெனியில் தொலைபேசியில் வருகிற கோபங்களுக்கு மென்மையாகப் பதில் சொல்கிற வேலை. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல இருப்பது படத்தைப் பற்றி.

பட்டுவின் கைபேசியில் இரண்டாயிரத்து முந்நூற்றெட்டுப் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவளே. எதிலும் அவள் இல்லை. முகத்தில் உள்ள மேடுபள்ளத்தையெல்லாம் ஒரு நொடியில் துடைத்துவிடுகிற ஃபில்டர் ஒன்று அந்தக் கைபேசியில் உண்டு. அதைப் போடாமல் அவள் ஒரு படம் எடுத்ததில்லை, பிறர் எடுக்கவும் விட்டதில்லை. கல்யாண வீடுகளில் கேமராக்காரர் திரும்பினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆகவே மாலை போட்டு மாட்டுவதற்கென்று ஸ்டுடியோக்காரர் இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொடுத்தபோது, அதில் அவித்த முட்டைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தது போல ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"என்னடி கேள்வி இது? நம்ம பட்டு."

"பட்டு மாதிரி யாரோ. திருப்பி வைங்க."

படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒரு வாரம் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டே, கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கு அவ மூஞ்சி மறந்துட்டு வருதுங்க. நெனச்சுப் பாத்தா இந்த வழவழ மூஞ்சிதான் வருது. நெஜ மூஞ்சி வரமாட்டேங்குது. நாலஞ்சு மாசத்துல சுத்தமாப் போயிடும்."

பெயிண்டர் கண்ணை மூடிப் பார்த்தார். அவருக்கும் முட்டைதான் வந்தது.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி. மனைவி அதை மூன்று முறை படித்தாள்.

"'முன்'னுன்னா என்னங்க? வைத்தியத்துக்கு முன்னாடி எடுத்ததா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அங்க ஃபில்டர் போட விட்டிருக்க மாட்டாங்களே? பவுடர்கூட போட விட்டிருக்க மாட்டாங்களே?"

அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மையத்தின் வாசலில் மூன்று மிதியடிகள் வரிசையாகக் கிடந்தன. முதலாவது அழுக்குக்கு, இரண்டாவது கிருமிக்கு, மூன்றாவது பணிவுக்கு என்று காவலர் விளக்கினார். உள்ளே பதினொரு கண்ணாடிகள். எல்லாமே உருவத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ரகம். வெளியில் மனிதனாக இருந்தவர் முதல் கண்ணாடியைக் கடக்கும்போதே நிலாவின் தரையாகிவிட்டார். அந்தக் கண்ணாடிகளைத் தாண்டி வருகிற எவரும் வரவேற்பு மேசையை அடையும்போது எந்த வைத்தியத்துக்கும் தயாராக இருப்பார்கள். நிறுவனத்தின் முதல் சிகிச்சையே அதுதான்.

வரவேற்புப் பெண்ணின் முகம் முப்பது நாற்பது அமர்வு கண்ட முகம். அவள் சிரிக்க முடிவு செய்த பிறகு சிரிப்பு உதட்டுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயிண்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"என் பொண்ணோட ஃபோட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்மா. 'முன்'னு போட்டிருக்கும். அது வேணும்."

"மேடம் வரலையா சார்?"

"அவ இறந்துட்டாம்மா."

வரவேற்புப் பெண் கணினியில் எதையோ தேடினாள். மேலே போனாள், கீழே வந்தாள். "சார், அந்த ஆப்ஷன் இங்க இல்லை. 'தொடர்கிறார்', 'இடைவேளையில் இருக்கிறார்', 'வெளியூர் சென்றுள்ளார்', இந்த மூணுதான் இருக்கு. எதைப் போடட்டும்?"

பெயிண்டர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"வெளியூர்" என்றார்.

"எப்போ திரும்புவாங்க?"

"அதச் சொல்லலம்மா அவ."

"அப்போ மாசக் கடைசின்னு போட்டுக்கறேன்."

அவரை ஆலோசகரிடம் அனுப்பினாள். ஆலோசகர் வெள்ளைக் கோட்டு அணிந்த நடுவயதுப் பெண்மணி. படம் தரத் தடையே இல்லை என்று அவர் இனிமையாகத் தொடங்கியபோதே தடை இருக்கிறது என்பது பெயிண்டருக்குப் புரிந்துவிட்டது. மையத்தின் விதி பதினேழின்படி 'முன்' படம் தனியாக வெளியே போகாது. முன்னும் பின்னும் ஒரே தாளில், பக்கம் பக்கமாக அச்சாகி, முன்னேற்ற சதவீதத்தோடுதான் போகும். பின் இல்லாமல் முன் இல்லை.

"ஆனா அவளுக்குத்தான் பின்னே இல்லையேம்மா" என்றார் பெயிண்டர்.

"புரியுது சார். இதுக்கு இயக்குநர்தான் பதில் சொல்லணும்."

இயக்குநரின் அறையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தரைவரை இறங்கும். எதிரே இயக்குநர் மட்டும் உயரத்தில் இருந்தார். முகம் ஒரு பளிங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. எந்த உணர்ச்சியும் அதில் கால் ஊன்ற இடமில்லை. பெயிண்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேடையில் பேசிப் பழகியவர்கள் தனியறையிலும் பேசுவது போலப் பேசினார்.

"பெரியவரே, உங்கள் துக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். முன் படத்தை மட்டும் நான் வெளியே கொடுத்துவிட்டால் அது என்ன? வெறும் முகம். முகத்தைத் தெருவில் பார்க்கலாம், பஸ்ஸில் பார்க்கலாம். அதற்கு ஒரு மையம் எதற்கு? நாங்கள் இங்கே மனிதர்களுக்கு முதலில் குறையைத் தருகிறோம், அதன் பிறகு நிவாரணத்தைத் தருகிறோம். இந்த வரிசை மாறக் கூடாது. குறையோடு ஒரு முகத்தை வெளியே அனுப்பினால், பார்ப்பவர்கள் அதைக் குறை என்றே நினைக்காமல் போய்விடக்கூடிய ஆபத்து இருக்கிறது. அப்புறம் துளையோடு பிறக்கிற கோடிக்கணக்கான மக்களை யார் காப்பாற்றுவது?"

"அவ அம்மாவுக்கு அவ மூஞ்சி மறந்துட்டு வருதுங்க சார்."

"நாங்கள் செய்ய நினைப்பதும் அதைத்தான்" என்றார் இயக்குநர். "பழைய முகத்தை மறக்கவைப்பது."

கூடவே வந்திருந்த ஆலோசகர் குனிந்து இயக்குநர் காதில் ஏதோ சொன்னார். விதிப் புத்தகம் வந்தது. விதி இருபத்திரண்டு, உட்பிரிவு நான்கு: எஞ்சிய அமர்வுகளை வாடிக்கையாளரின் நேரடி ரத்த உறவினர் ஒருவர், அதே ஃபைலில், அதே எண்ணில் நிறைவு செய்யலாம்.

"சட்டப்படி முகம் மாறலாம் சார். ஃபைல்தான் மாறக் கூடாது" என்றார் ஆலோசகர். "மொத்தம் ஆறு, மேடம் ஒண்ணு முடிச்சுட்டாங்க. மீதி அஞ்சு அமர்வுக்கு நீங்க வந்து உக்காந்தீங்கன்னா 'பின்' எடுத்துடலாம். அப்போ தாள் வந்துடும்."

"என் மூஞ்சிலயா? எனக்கு அறுபத்திநாலு வயசும்மா."

"ஃபைல்ல இருபத்தாறுன்னுதான் இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க."

இப்படியாக, வாழ்நாளில் முகத்துக்குச் சோப்பைத் தவிர வேறெதையும் காட்டாத பெயிண்டர், ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டாம் எண் ஃபைலில் தன் மகளாக ஆனார்.

பதினைந்து நாளுக்கு ஒரு அமர்வு. கூடத்தில் முப்பது பெண்கள் பத்திரிகை புரட்டிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கி அழைக்கும்: "ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு மேடம், உள்ளே வரவும்!" பெயிண்டர் எழுந்திருப்பார். முதல் நாள் எழுந்திருக்கவில்லை. யாரோ பெண்பிள்ளை வரப்போகிறாள் என்று அவரும் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது அழைப்பில்தான் அது தாம் என்பது உறைத்தது. எழுந்திருக்க நேரமானதற்குக் காரணம் முட்டிவலி என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தானாகவே சொன்னார். அவள் கேட்கவே இல்லை.

உள்ளே கருவியை இயக்குகிற பெண் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் சாதாரணமாக முகம் சுளிக்க முடிந்த ஒரே ஆள் அவள்தான், வேலைக்குப் புதிது. அவருடைய தலைமுடியை இளஞ்சிவப்புப் பட்டையால் பின்னுக்குத் தள்ளினாள். முதுகுக்கடியில் ஒரு தகட்டை வைத்தாள். கன்னத்தில் வெள்ளைப் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். குளிர்ந்த பசையை அப்பினாள்.

"இதுல ரேடியோ அலை வரும் அங்கிள். தோலுக்கு அடியில போய் சூடு பண்ணும். சூட்டுல உள்ள இருக்கிற நார் சுருங்கும், தோல் இறுகும், துளை சின்னதாகும்."

"ரேடியோன்னா பாட்டு வருமா?"

"வராது அங்கிள்."

"செய்தியாவது?"

அவள் சிரித்துவிட்டு, உடனே கதவைப் பார்த்தாள். சிரிப்பு சுருக்கத்துக்குக் காரணம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

சூடான ஒரு கட்டையைக் கன்னத்தில் வட்டம் வட்டமாக ஓட்டினாள். பெயிண்டருக்கு அந்தக் கை ஓட்டம் புரிந்தது. ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சுட்டுவிடும். அவரும் சுவரில் அப்படித்தான் ஓட்டுவார். "ஓரம் விட்டுப்போச்சும்மா, காதுக்குக் கீழ" என்று கண்ணை மூடியபடியே சொல்லிக் கொடுத்தார். அவள் ஓரத்தையும் பார்த்தாள்.

முடிந்ததும் ஒரு பெட்டிக்குள் முகத்தை நுழைக்கச் சொன்னார்கள். பெட்டி படமெடுத்து, துளைகளை எண்ணி, பெண் குரலில் அறிக்கை வாசித்தது: "இருபத்தாறு வயதுக்கு உங்கள் சருமம் சற்றே சோர்வாக உள்ளது. அதிகமாகச் சிரிப்பதைத் தவிர்க்கவும். இடது புருவத்தில் வெள்ளை நிற வளர்ச்சி காணப்படுகிறது." அது போன வாரம் தெறித்த சுண்ணாம்பு. பெட்டிக்கு அது தெரியவில்லை. ஆலோசகர் அதற்குத் தனி அமர்வு பரிந்துரைத்தார்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செவந்து கெடக்கே. சுட்டுதா?"

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

"படம்?"

"இன்னும் நாலு தடவை."

அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். "அதுக்குள்ள எனக்குச் சுத்தமா மறந்துடாதே?" என்று அவரிடமே கேட்டாள். அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் அமர்வில் விசேஷம் ஒன்றுமில்லை. கூடத்துப் பெண்கள் அவருக்கு இடம் பிடித்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி "உங்க தோல் இப்போ நல்லா டைட்டா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான்காம் அமர்வன்று ஆலோசகர் அவரைத் தன் அறைக்கு அழைத்து, ஃபைலை அவர் பக்கம் திருப்பிவைத்தார். பாதிவழியில் விவரப் படிவத்தை ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. "மேடம் முன்னாடி எழுதினது கீழ இருக்கும். அதையே பாத்து சரின்னு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பட்டுவின் கையெழுத்து. 'ர'வுக்குக் கீழே தேவையில்லாமல் ஒரு வளைவு போடுவாள். பெயிண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். உறக்கம் எத்தனை மணி நேரம். தண்ணீர் எத்தனை டம்ளர். ஒவ்வாமை உண்டா. ஒன்பதாவது கேள்வி: உங்கள் சருமக் குறையை முதன்முதலில் உங்களுக்குச் சுட்டிக்காட்டியவர் யார்?

பதில் எழுதியிருந்தாள்.

"அப்பா. 'நம்ம பட்டுக்குப் பட்டி பாக்கணும்'னு சொன்னாரு. விளையாட்டுக்குத்தான்."

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக வந்தது. பட்டுவுக்குப் பதினைந்து வயது. முகத்தில் பருக்கள் வந்து போய்க் குழி விழத் தொடங்கியிருந்த சமயம். வீட்டில் மைத்துனன், கூட வேலை செய்கிற இரண்டு பேர், எல்லாரும் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பட்டு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பட்டு, பட்டி. சொல் நாக்கில் தானாக உருண்டது. உருண்ட சொல்லை விழுங்குகிற பழக்கம் அவருக்கு எந்நாளும் கிடையாது. "டேய், நம்ம பட்டுக்குப் பட்டி பாக்கணும்டா! ரெண்டு கோட்டு!" மைத்துனனுக்குப் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பட்டுதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் கைகழுவப் போனாள். சாப்பிட வரவில்லை. பசிக்கவில்லையாம் என்று மனைவி சொன்னாள்.

அந்த நகைச்சுவையை அவர் ஒரு மாதம் ஒவ்வொரு வேலை இடத்திலும் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் எடுபட்டது.

"கையெழுத்து சார்" என்றார் ஆலோசகர்.

"இந்தக் கேள்வி எதுக்கும்மா கேக்கறீங்க?"

"அந்த ஆளுக்கு நன்றிக் கடிதம் அனுப்புவோம் சார். எங்க வாடிக்கையாளர்ல பாதிப் பேர் அப்படி யாராவது ஒருத்தர் சொல்லித்தான் வர்றாங்க. வீட்டு ஆளுங்கதான் அதிகம். உங்களுக்கு வரலையா? விலாசம் தப்பா இருக்கும்." அவர் குறித்துக்கொண்டார். "இந்த வாரமே அனுப்பச் சொல்றேன்."

பெயிண்டர் கையெழுத்துப் போட்டார். எங்கே போட்டார் என்று பார்க்கவில்லை.

அன்று கருவிப் பெண் பசையைத் தடவும்போது, "கண்ணுல பட்டுடுச்சா அங்கிள்? தண்ணி வருது" என்றாள்.

"பட்டிருக்கும்."

அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள். "மேடத்துக்கு மொத அமர்வு நான்தான் பண்ணேன். ரொம்ப நல்லாப் பேசினாங்க. எங்கப்பா இங்க வந்திருந்தா இந்த மெஷினப் பாத்து இந்நேரம் பத்து ஜோக் அடிச்சிருப்பாருன்னு சொன்னாங்க."

கட்டை வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.  ஓரம் விட்டுப்போனதைக்கூடப் பெயிண்டர் சொல்லவில்லை.

"அந்தப் படத்த நீயே எடுத்துக் குடுத்துட முடியாதாம்மா?" என்று கடைசியில் கேட்டார்.

"இயக்குநர் கைரேகை வச்சாத்தான் அச்சாகும் அங்கிள். நான் ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் அவள், மிகத் தாழ்ந்த குரலில்.

நன்றிக் கடிதம் சொன்னபடி வந்தது. தங்க எழுத்து. "ஒரு குறையைக் கண்டு சொல்ல அன்பு வேண்டும். அந்த அன்பு உங்களிடம் இருந்தது." பெயிண்டர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனைவி என்ன என்று கேட்டாள். விளம்பரம் என்றார். பொய்யும் இல்லை.

ஆறாம் அமர்வு முடிந்து 'பின்' படம் எடுத்தாயிற்று. மையத்தில் அதற்கு ஜோடி சேர்ப்பு விழா என்று ஒன்று உண்டு. ஊழியர்கள் எல்லாரும் கூடத்தில் நிற்பார்கள், பெரிய திரையில் முன்னும் பின்னும் தோன்றும், சதவீதம் அறிவிக்கப்படும், கைதட்டல், பிறகு தாள். கூடத்துப் பெண்கள் பத்திரிகையை மூடிவிட்டு நிமிர்ந்தார்கள். இயக்குநர் கைரேகை வைத்தார். கணினி இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டது. பெட்டிக் குரல் கூடம் முழுக்க ஒலித்தது:

"முன்னேற்றம்: பூஜ்யத்துக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு சதவீதம். வாடிக்கையாளர் முப்பத்தெட்டு வயது கூடியுள்ளார்."

யாரும் கைதட்டவில்லை. ஆலோசகர் வெளிறிப்போக முயன்றார், தோல் இடம் தரவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் தாள் அச்சாகாது என்று கருவிப் பெண் மெல்லச் சொன்னாள்.

"அச்சாகாதா?" என்றார் பெயிண்டர். "அஞ்சு தடவை வந்தேனேம்மா. வீட்ல காத்திட்டிருக்கா."

இயக்குநர் பெரிய மனிதர். பெரிய மனிதர்களுக்கு நெருக்கடியில்தான் மூளை சுடர்விடும். இரண்டு நிமிஷம் திரையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு விரலை அசைத்தார். "லேபிளை மாற்று."

மாற்றினார்கள். பெயிண்டர் இடப்பக்கம் போனார், அவருக்கு மேலே 'முன்' என்று விழுந்தது. பட்டு வலப்பக்கம் வந்தாள், அவளுக்கு மேலே 'பின்' என்று விழுந்தது. பெட்டிக் குரல் குதூகலித்தது: "முன்னேற்றம் முந்நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்! வாடிக்கையாளர் முப்பத்தெட்டு வயது குறைந்துள்ளார்!" அறுபத்திநாலு வயதுப் பெயிண்டரை ஆறே அமர்வில் இருபத்தாறு வயதுப் பெண்ணாக்கிய சாதனை உலகத்தில் வேறெந்த மையத்துக்கும் கிடையாது. கைதட்டலில் பதினொரு கண்ணாடிகளும் அதிர்ந்தன. மூன்று பெண்கள் அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள்.

இயக்குநர் ஒரு குச்சியை எடுத்துத் திரையில் பட்டுவின் கன்னத்தைத் தொட்டார்.

"பாருங்கள்! இதுதான் நாங்கள் உலகத்துக்குத் தர விரும்புகிற சருமம். எவ்வளவு உயிர்! இந்தச் சின்னச் சின்னக் குழிகளைக் கவனியுங்கள், ஒளி எப்படித் தங்கிப் போகிறது! இந்தக் கன்னத்தில் இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இதை மாற்ற நினைப்பவன் முட்டாள்."

பெயிண்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அவகிட்டச் சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"யாரிடம்?"

"உங்க 'பின்'கிட்ட."

இயக்குநருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் முகத்தில் தெரிந்திருக்காது. தாள் அச்சாகி, வழவழப்பான உறையில் அவர் கைக்கு வந்தது. பெயிண்டர் பிரித்துப் பார்த்தார். திரையில் தொழில்நுட்பக் கோளாறு என்று அவர் நினைத்திருந்தது தாளிலும் இருந்தது. இரண்டு முகங்களிலும் கண்களின் மேல் விரற்கடை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

"கண்ணு?"

"மையத்தின் விதி ஒன்று" என்றார் இயக்குநர் பெருமிதத்தோடு. "வாடிக்கையாளரின் அந்தரங்கம் எங்களுக்கு உயிர். யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது."

"அடையாளம் கண்டுபிடிக்கத்தான் சார் கேட்டேன்."

"அதற்குத்தான் எண் இருக்கிறதே" என்று இயக்குநர் தாளின் மூலையைக் காட்டினார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.

கருவிப் பெண் வாசல்வரை கூடவே வந்தாள். மூன்று மிதியடிகளையும் தாண்டியதும், "கோடு இல்லாத படம் உள்ளயே வராது அங்கிள். எடுக்கும்போதே கேமராவே கறுப்பு அடிச்சிடும்" என்றாள். பெயிண்டர் தலையாட்டினார். சுவரென்றால் மேல் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தால் அடியில் பழையது இருக்கும். சுரண்டிப் பழைய வண்ணத்தைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இந்தக் கறுப்புக்கு அடியில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இப்போது தெரியும்.

அவர் வீட்டுக்குப் போனபோது பிற்பகல். ஜன்னலோரம் வெளிச்சம் இருந்தது. மனைவி ஈரக்கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அப்புறமும் ஒருமுறை துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். இடப்பக்கத்து முகத்தைப் பார்க்கவே இல்லை. வலப்பக்கத்தில், தலைமுடியைப் பட்டையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, பவுடர் இல்லாமல், பொட்டு இல்லாமல், குழியும் புள்ளியுமாக அந்தக் கன்னம்.

"இவதான்" என்றாள்.

விரலை மெதுவாக அதன் மேல் ஓட்டினாள். "இந்தா, தாடைக்கிட்ட இருக்கு பாருங்க, இதக் கிள்ளாதடி கிள்ளாதடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? கிள்ளிக் கிள்ளித்தான் குழியாச்சு. இது எனக்கு மறந்தே போயிருந்துச்சுங்க." அவள் அழவில்லை, குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல் அது. உயிரோடு இருக்கிற பிள்ளையைத் திட்டுகிற குரல்.

பிறகு விரல் மேலே போய்க் கறுப்பில் நின்றது.

"இது என்ன?"

பெயிண்டர் விதியைச் சொன்னார். அந்தரங்கத்தைச் சொன்னார். எடுக்கும்போதே கேமரா கறுப்பு அடித்துவிடும் என்றார். அவருக்கே நம்பும்படியாக இல்லை. மனைவி கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் இடப்பக்கத்து முகமும் அவள் கண்ணில் பட்டது.

"ரெண்டு பேருக்கும் கண்ணக் கட்டி விட்டிருக்காங்க" என்றாள். "கண்ணாமூச்சிக்குக் கட்டற மாதிரி."

அவர் குனிந்து தாளைப் பார்த்தார்.

"பக்கத்துலயே நிக்கறீங்க ரெண்டு பேரும். தேடிட்டு நிக்கறீங்க." அவள் தாளை அவரிடம் நீட்டினாள். "குரல் குடுங்க. நீங்கதான் பெரியவரு. நீங்கதான் மொதல்ல குரல் குடுக்கணும்."

பெயிண்டர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாற்பது வருஷம் சாரத்தின் மேல் நின்று தெருக்கோடிவரை கேட்கப் பேசிய தொண்டை அது. இப்போது அதிலிருந்து ஜன்னலைக்கூடத் தாண்டாத குரல்தான் வந்தது.

"பட்டு" என்றார். "இங்க இருக்கேன்டா. இந்தப் பக்கம்."

அவள் திரும்பவில்லை. படமெடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று யாரோ கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ஆனால் ஒரு ஓரத்தில் அது மூடவில்லை. கண்ணைக் கட்டி நிற்கிற பிள்ளைகள், ஆள் இருக்கும் இடம் தெரிந்தபிறகும் தெரியாதது போலச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்களே, அந்த உதட்டோரம்.